ரத்தப் புற்றுநோயும் பொட்டாசியம் 6.3-உம்: ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சி.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். இன்னும் சிகிச்சை தொடங்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை மட்டும்தான். இந்த முறை வெள்ளையணுக்கள் 1,80,000, பொட்டாசியம் 6.3 என்று வந்திருக்கிறது. சோடியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருக்கின்றன. அப்பா வழக்கம்போல் நடமாடுகிறார். பயத்தில் இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அடுத்து என்ன செய்வது?

பதில்: இன்றே ஒரு ஈசிஜி எடுங்கள், இன்றே பொட்டாசியத்தை மறுபடி பாருங்கள். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். பொட்டாசியம் நிஜமாகவே 6-ஐத் தாண்டினால், வெளியே எதுவும் தெரியாமலேயே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும்.

ஆனால் உங்கள் அப்பாவின் 6.3 பொய்யான அளவாக இருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு. அதாவது, அவர் உடம்பில் பொட்டாசியம் சரியாக இருக்கும். எடுத்த ரத்தத்தில் மட்டும் ஏறியிருக்கும். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேதான் இருக்கிறது. ரத்தத் திரவத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்றால், செல்லுக்குள் 140-க்கு மேல். சி.எல்.எல். வெள்ளையணுக்கள் எளிதில் உடையக்கூடியவை. ஒரு லட்சத்துக்கு மேல் அவை இருக்கும்போது, ஊசி வழியாக வேகமாக இழுப்பதிலும், குழாயைக் குலுக்குவதிலும், பெரிய மருத்துவமனைகளில் காற்றழுத்தக் குழாய் வழியாக லேபுக்கு அனுப்புவதிலும் கொஞ்சம் உடைந்தால் போதும், அளவு எங்கேயோ போய்விடும். கிரியேட்டினின் சரி, ஆளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, வெள்ளையணு மட்டும் மிக அதிகம் என்ற உங்கள் ரிப்போர்ட் இந்தச் சந்தேகத்தைத்தான் எழுப்புகிறது.

இதை லேபில் யாரும் தானாகக் கவனிப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். கையில் பட்டையை நீண்ட நேரம் இறுக்கிக் கட்டாமல், விரல்களை மூடித் திறக்கச் சொல்லாமல் ரத்தம் எடுக்கட்டும். ஐஸில் வைக்க வேண்டாம், குளிரிலும் பொட்டாசியம் செல்லிலிருந்து வெளியே கசியும். கையிலேயே கொண்டுபோய், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும், ரத்த வாயுக்களை அளக்கும் ஏபிஜி மெஷினில் சில நிமிடங்களுக்குள் பார்ப்பது நல்லது. முழு ரத்தத்தையே அதில் வைத்துப் பார்ப்பதால், செல்களை உடைக்கக்கூடிய, சுற்றவிட்டுப் பிரிக்கும் வேலை இல்லை. இன்னொன்று: ரத்தத் தட்டணுக்கள் அதிகமாக இருப்பவர்களுக்கு, உறையவிட்ட ரத்தத்தைவிட உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்து போட்ட பச்சை மூடிக் குழாயே சரியான அளவைக் காட்டும். சி.எல்.எல். நோயாளிகளில் பலருக்கு இது தலைகீழ்; ஹெபாரின் குழாயில்தான் பொய்யாக ஏறும். எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பொய்யான 6.3-ஐ நம்பி இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினால், சரியாக இருந்த பொட்டாசியம் நிஜமாகவே கீழே இறங்கிவிடும். அதுவும் இதயத்துக்கு ஆபத்துதான்.

உணவு விஷயம். மறு முடிவு வரும்வரை இளநீர் வேண்டாம், சரி. ஆனால் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு இளநீரும் ஒரு பழமும் 6.3-இல் கொண்டுபோய் விடாது. அதைவிட மாத்திரைகளைப் பாருங்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன், மூட்டு வலி மாத்திரைகள், கிருமித் தொற்றைத் தடுக்க ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கும் செப்ட்ரான் இவை எல்லாமே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாமல், பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் சிகிச்சை தொடங்காத நிலைக்கு. மருந்து ஆரம்பித்தபின் இதே 6.3 வந்தால், பொய்யான அளவு என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு அவசரமாகத்தான் பார்க்க வேண்டும். புற்றுச் செல்கள் கூட்டமாக அழியும்போது உள்ளிருப்பதெல்லாம் ரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலம் மூன்றும் ஏறும், கால்சியம் இறங்கும், கூடவே கிரியேட்டினினும் ஏறலாம். பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும். நான்கும் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் முக்கியம். சி.எல்.எல்.-க்கு வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி 50, 100, 200 என்று வாரம் வாரமாக ஏற்றி ஐந்தாம் வாரத்தில் 400-க்குக் கொண்டுபோவது இதற்குப் பயந்துதான். ஆரம்ப டோஸ்களுக்கு அப்புறம் 6 முதல் 8 மணி நேரத்திலும், 24 மணி நேரத்திலும் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். வீடு தூரம் என்று அதைத் தவறவிடவே கூடாது.

மற்ற வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வின்கிறிஸ்டின் ஊசிக்குப் பிறகு சோடியம் இறங்கலாம். குழப்பம், அதிக தூக்கம், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனை. பூஞ்சைத் தொற்றுக்கு ஆம்போடெரிசின் ஏறும்போது பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்து குறையும்; மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் கொடுத்தால் அளவு நிற்காது. ஆர்சனிக் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் 4-க்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், லேப் சரி என்று காட்டும் 3.6-கூட அவர்களுக்குக் குறைவுதான். கால்சியம் 7.6 என்று வந்தால், கால்சியத்தில் ஒரு பகுதி ஒட்டியிருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பக்கத்தில் பாருங்கள். அது 2.5 என்றால், திருத்திய கால்சியம் ஏறக்குறைய 8.8. சந்தேகம் இருந்தால், புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் அயனி கால்சியத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். மறு அளவிலும் பொட்டாசியம் 6-க்கு மேல் இருந்தாலோ, ஈசிஜியில் மாற்றம் தெரிந்தாலோ, படபடப்போ தசைத் தளர்ச்சியோ வந்தாலோ, அவர் நடமாடினாலும் அட்மிட் ஆகித்தான் ஆக வேண்டும். மறு அளவு 4-க்கு அருகில் வந்தால் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போகும்போது, டெஸ்ட் சீட்டில் “சி.எல்.எல்., வெள்ளையணு ஒரு லட்சத்துக்கு மேல், முன்பு பொட்டாசியம் பொய்யாக ஏறியது” என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.