காற்றால் நிற்கும் விளையாட்டுக் கூடம்: தோட்டப்புறத்துக்குச் சரிவருமா?

கேள்வி: பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் அருகே எங்கள் தோட்டத் திடலில் மாலை மழையால் விளையாட்டு அடிக்கடி நின்றுபோகிறது. பூப்பந்து, தக்ராவ், கபடி, ஃபுட்சால் எல்லாவற்றுக்கும் பொதுவாக, 40-க்கு 20 மீட்டரில் காற்றுக் கூடாரம் போட நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: இதற்குத் தூணும் கிடையாது, உத்திரமும் கிடையாது. புளோவர் ஊதிக்கொண்டே இருக்கும்வரைதான் துணி நிற்கும். ஆகவே முதல் கேள்வி மின்கட்டணம். 5 கிலோவாட் புளோவர் ஒன்று நிற்காமல் ஓடினால் மாதம் 3,600 யூனிட் ஆகும். விளக்கும் குளிர்சாதனமும் தனி. யாரும் விளையாடாத நாளிலும் அது ஓடத்தான் வேண்டும்.

உள்ளே, வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டிய அழுத்தம் சுமார் 250 பாஸ்கல். கேட்கச் சிறியதாகத் தெரியும்; சதுர மீட்டருக்கு 25 கிலோ என்று பாருங்கள். 800 சதுர மீட்டருக்கு 20 டன் மேல்நோக்கி இழுக்கிறது. 120 மீட்டர் சுற்றளவில் பிரித்தால் மீட்டருக்கு ஏறக்குறைய 170 கிலோ. இது காற்றே அடிக்காத நாளின் கணக்கு. மலேசியக் காற்றுத் தரநிலையான எம்எஸ் 1553 தீபகற்பத்துக்கு நொடிக்கு 32.5 முதல் 33.5 மீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. அந்த வேகத்துக் காற்றின் அழுத்தம் 650 பாஸ்கலைத் தொடும், அதாவது உள்ளழுத்தத்தைப் போல இரண்டரை மடங்கு. துணியின் ஓரத்தைப் பிடித்துவைக்கச் சுற்றிலும் போடும் 60-க்கு 60 சென்டிமீட்டர் கான்கிரீட் வளையம் மீட்டருக்கு 860 கிலோ எடை தரும். மொத்தம் 43 கன மீட்டர் கான்கிரீட். அது போதுமா, மண்ணுக்குள் நங்கூரமும் வேண்டுமா என்பதை மண் சோதனை பார்த்துப் பதிவுபெற்ற பொறியாளர்தான் முடிவுசெய்ய வேண்டும். துணியை இறுக்கும் போல்ட்டுகள் துத்தநாகப் பூச்சு கொண்டவையாக இருக்கட்டும். நம் ஈரப்பதத்தில் சாதாரண இரும்பு போல்ட் சீக்கிரம் துருவேறிவிடும்.

நம் ஊரில் பெரிய எதிரி மழைதான். 250 பாஸ்கல் என்பது 25 மில்லிமீட்டர் உயர நீரின் எடைக்குச் சமம். அழுத்தம் குறைந்து உச்சியில் ஒரு பள்ளம் விழுந்தால் மழைநீர் அங்கே தேங்கும்; தேங்கிய நீர் பள்ளத்தை ஆழமாக்கும்; ஆழமான பள்ளம் இன்னும் நீரை இழுக்கும். 2010 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபோலிஸில் காற்றால் நின்ற மெட்ரோடோம் விளையாட்டரங்கின் கூரை பனியின் கனத்தில் கிழிந்து இறங்கியது. அங்கே பனி செய்ததை இங்கே ஒரு மாலை மழை செய்யும். வானம் கறுக்கும்போதே அழுத்தத்தை ஏற்றிவையுங்கள். பள்ளம் கண்ணில் பட்டால் உடனே எல்லோரையும் வெளியேற்றுங்கள், அழுத்தத்தை இறக்கவே இறக்காதீர்கள். வாசலில் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் கண்ணாடிக்குழாய் ஒன்றை மாட்டுங்கள். ஒரு முனை உள்ளே, மறுமுனை வெளியே இருந்தால், இரு பக்க நீர்மட்ட வித்தியாசம் மின்சாரம் இல்லாமலே அழுத்தம் காட்டும்.

அழுத்தம் ஏன் குறைகிறது? பெரும்பாலும் துணி கிழிந்து அல்ல, மின்சாரத்தால். இடி இறங்கினால் டிரிப் ஆகும். விளக்கும் புளோவரும் ஒரே சுற்றில் இருந்தால், நனைந்த ஒரு விளக்கு புளோவரையும் சேர்த்து நிறுத்திவிடும். தனிச் சுற்று கொடுங்கள். மும்முனை இணைப்பில் ஒரு முனை போனால் மோட்டார் கருகும். பழுதுபார்த்தபின் முனைகளை மாற்றிப் பூட்டினால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று காற்று குறையும். இரண்டையும் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்தும் ரிலே வையுங்கள். புளோவர் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றின் வாயிலும் தானாக மூடும் தடுப்பு மடல் அவசியம். மடல் இல்லையென்றால், நின்றுபோன புளோவர் வழியாகவே காற்று வெளியேறும். டீசல் ஜெனரேட்டர் தானாக இயங்கத் தொடங்க வேண்டும். அது கைவிடுவது பெரும்பாலும் பேட்டரி செத்துப்போவதால்தான். வாரம் ஒருமுறை புளோவரையே அதில் ஓட்டிப் பாருங்கள்.

1-க்கு 2 மீட்டர் கதவின்மேல் 50 கிலோ அழுத்தம் இருக்கும். ஆகவே வழக்கமான வாசலுக்குச் சுழல் கதவு. சக்கர நாற்காலிக்கும் சாமான்களுக்கும் இரட்டைக் கதவு அறை (ஒரு கதவை மூடிய பிறகே மற்றதைத் திறப்பது). அவசர வழிகள் வெளிப்பக்கம் திறப்பவை. வெளியே திறக்கும் கதவு பிடியை விட்டதும் வேகமாக அடிக்கும், எச்சரிக்கை எழுதுங்கள்.

உள்ளே, உச்சி உயரம் 8 மீட்டர் என்றால் ஓரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 2.6 மீட்டர்தான் கிடைக்கும். பூப்பந்துத் தளங்களைக் குறுக்கே போட்டால் நான்கு அடங்கும், பின்கோட்டில் 5.5 மீட்டர் உயரம் இருக்கும். நட்புமுறை ஃபுட்சாலுக்கு 30-க்கு 15 மீட்டர் போதும். உள்துணி முழுக்க வெள்ளையாக இருந்தால் இறகுப்பந்து கண்ணுக்குத் தெரியாது. கீழே 3 மீட்டருக்குப் பச்சை நிறம் கேளுங்கள். செம்பனை மட்டைகளும் ரப்பர்க் கிளைகளும் பறந்து வராத தூரத்தில் இடம் தேர்ந்தெடுங்கள். எலி துணி ஓரத்தையும் ஒயரையும் கடிக்கும். சுற்றிலும் புல் வளரவிடாமல் லோங்காங்கை (வடிகாலை)ச் சுத்தமாக வையுங்கள்.

தோட்ட நிலம் விவசாயப் பிரிவில் இருந்தால் நில அலுவலகத்தில் தகுதி மாற்றம், பிறகு ஊராட்சி மன்ற அனுமதி, பொம்பா (தீயணைப்புத் துறை) ஒப்புதல். இவை இல்லாமல் துணிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இனி எங்கள் கருத்து. காற்றுக் கூடாரத்தின் பெரிய பலன் குளிர் நாடுகளில் வெப்பத்தை அடைத்துவைப்பது. நமக்கு அடைத்துவைக்க வெப்பம் தேவையில்லை. குளிர்சாதனம் இல்லாவிட்டால் பகலில் புழுங்கும், இரவில் துணியின் உட்புறம் வியர்த்துத் தளத்தில் சொட்டும். மழையைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், பக்கங்கள் திறந்த இரும்புச் சட்டக் கூரை உங்களுக்குப் பொருந்தும். காற்று தானாக வரும், மாதச் செலவு விளக்குக்கு மட்டும். பூப்பந்துக்குக் காற்றை மறைக்க, காற்று வரும் பக்கம் மட்டும் வலைத்திரை கட்டலாம். கூடாரமேதான் வேண்டுமென்றால், மாதக் கட்டணத்தையும் இரவு நேரக் கண்காணிப்பாளரின் சம்பளத்தையும் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு விலை கேளுங்கள்.