பாக்கியை எழுதிக் கேட்டால் ஆர்டர் போய்விடுமா?

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் வொர்க் செய்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. பி.ஓ.வில் (ஆர்டர் கடிதத்தில்) பணம் தர 90 நாள் என்று இருக்கிறது. போன் செய்தால் “அடுத்த வாரம் பாத்துக்கலாங்க” என்கிறார்கள். மெயில் போட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்களிடம் போனில் பேசுபவர் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைக் கவனிப்பவர். பணம் போடுவது அக்கவுண்ட்ஸ். நீங்கள் கெஞ்சியது எதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. அவர்களுக்கும் சேர்த்து மெயில் போடுங்கள், நாலு வரி போதும்:

“பில் எண் 114. 2,340 பீஸ், மார்ச் 3 டெலிவரி, டி.சி. (டெலிவரி சலான்) இணைத்துள்ளேன். எங்களுடையது உத்யம் பதிவுள்ள குறு நிறுவனம். 45 நாள் ஏப்ரல் 17 அன்று முடிந்தது. என்றைக்குப் பணம் வரும் என்று தேதி சொல்லுங்கள்.”

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. இந்த மெயிலில் கோபமும் இல்லை, புலம்பலும் இல்லை. இதற்கு முகம் சுளிப்பவர் போனில் கேட்டாலும் தரப்போவதில்லை.

90 நாள் என்று பி.ஓ.வில் போட்டாலும் செல்லாது. 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. அதோடு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டியும் நிதியாண்டுக்குள் தராத தொகையை அந்த வருடச் செலவாக அவர்கள் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே இந்தப் பாக்கிகளின் பட்டியல் கேட்பார். உங்கள் மெயில் அப்போது கையில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொன்னால், அதை நீங்கள் தீர்த்த பிறகுதான் நாள் கணக்கே தொடங்கும். என்னிடம் வந்த ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் சைடு சீம் (பக்கத் தையல்) பிரிந்த போட்டோ ஒன்று வந்திருக்கிறது. “சரிங்கண்ணா, பாத்துக்கறேன்” என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து மொத்த லாட்டுக்கும் பணத்தைக் கழித்து டெபிட் நோட்! எத்தனை பீஸ், எந்த லாட் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சரிசெய்து அனுப்பியதும் அதற்குத் தனி டி.சி. போட்டு, “குறை தீர்ந்தது” என்று மெயிலும் அனுப்பியிருக்க வேண்டும். பதினாறாம் நாள் வரும் போட்டோவுக்கு இந்த பலம் கிடையாது. அதனால் டெலிவரி தேதி போட்டு, சீல் வைத்து வாங்கிய டி.சி.யைத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்புறம், உத்யம் பதிவு இலவசம். அரசு தளம் போலவே முகப்பு வைத்துக்கொண்டு இரண்டாயிரம், மூவாயிரம் கறக்கும் கடைகள் இருக்கின்றன. “பாக்கியை வசூலித்துத் தருகிறேன், பத்து பர்சென்ட்” என்று வருகிற ஆளையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் போய் மிரட்டினால் கெடப்போவது உங்கள் பெயர்.

மெயிலுக்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத் தளத்தில் நீங்களே மனு போடலாம். அது இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு வசதியாக்கக் குழுவுக்குப் போகும். சட்டத்தில் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நோட்டீஸ் போகவே அந்த 90 நாள் ஓடிவிடுகிறது. தாமதத்துக்கு வட்டி போடச் சொல்லும் சட்டம், தன் தாமதத்துக்கு என்ன போடும் என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் மனு எண் வந்ததுமே போன் செய்து “எவ்வளவுங்க வேணும்?” என்று கேட்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன்.