387 மதிப்பெண்ணை நம்பி குரூப் எடுக்கலாமா?

அன்புள்ள அம்மா,

காலாண்டுத் தேர்வில் 500-க்கு 387 எடுத்த பையன், ஜவுளிக்கடையில் 15 சதவீதத் தள்ளுபடி போனால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கள் பாடம் நடத்தவே விடுவதில்லை, இவனும் அவர்களோடு சேர்ந்துவிட்டான், டீச்சரை எதிர்த்துப் பேசியதாகப் பள்ளியிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள் என்றும் சொல்கிறீர்கள். பிளஸ் ஒன்னுக்கு அரசுப் பள்ளி வேண்டாம், நகையை அடகு வைத்தாவது நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடலாமா, இந்த 387-ஐ வைத்து எந்த குரூப் (பாடப்பிரிவு) எடுப்பது என்பது உங்கள் கேள்வி.

நகையை இப்போது தொடாதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 387. பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி 14. அதில் பெரும்பகுதி புத்தகத்தில் பாடத்தின் முடிவில் இருக்கும் புக் பேக் கேள்விகள்தான், விடையை மனப்பாடம் செய்துவிடலாம். கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். மாதிரிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் இந்த 16-ம் வந்துவிடும். ஆக 30-க்குப் பக்கம் ஆயிற்று. இரண்டு மதிப்பெண் கேள்வி நாலைந்து சரியாகப் போட்டால் 35-ஐத் தாண்டிவிடலாம், பாஸ். பின்னம், சதவீதம், குறை எண் எதுவும் சரியாகத் தெரியாத பிள்ளையும் இந்த வழியில் தேறிவிட முடியும். இன்னும் கொஞ்சம் உழைத்தால் 60, 70 வரைகூடப் போகும். ஆசிரியர்கள் சோம்பேறித்தனமாக இப்படிச் செய்வதில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் தலைமையாசிரியர் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மினிமம் மெட்டீரியல், காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் என்று அவர்களும் ஓடுகிறார்கள். பிள்ளை பாஸாகிறான், ஆனால் கணக்கு அவனுக்குள் போவதில்லை.

மதிப்பெண்ணை வைத்து இவன் எப்படி என்று முடிவு செய்ய முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்கில் சென்டம் வாங்கியவர்கள் 2023-ல் 3,649 பேர். 2024-ல் 20,691 பேர். 2025-ல் 1,996 பேர். மூன்றே வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் மூளை இப்படி ஏறி இறங்கியிருக்குமா? மாறியது வினாத்தாள்தான். சென்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த அதே 2025-ல் மொத்தத் தேர்ச்சி 91.55-லிருந்து 93.80 சதவீதமாகக் கூடியும் இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் எத்தனை எடுத்தான் என்று ஒப்பிட்டு மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் மகனைப் பற்றி. 2025-26-ல் பத்தாவது படிக்கிறான் என்றால், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவன் நாலாம் வகுப்பில் இருந்திருப்பான். ஐந்தாம் வகுப்பு முழுக்க வீட்டில் போயிருக்கும். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அப்போது அவன் ஆறாம் வகுப்பின் பாதியில் இருந்தான். பெரிய வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் கையில் பழகுகிற காலம் அது. அந்த வயதில் பள்ளிக்கூடமே இல்லை. அப்புறம் எட்டாவது வரை எல்லோரும் பாஸ். பிள்ளைகளை ஃபெயில் ஆக்குவதில் எனக்கும் உடன்பாடு இல்லை, ஃபெயிலானவன் படிப்பையே விட்டுவிடுவான். ஆனால் விட்டுப்போனதைச் சொல்லித் தராமல் மேலே அனுப்பிக்கொண்டே இருந்தது பெரிய தவறு. 6 முதல் 9 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லித் தர ‘திறன்’ என்று அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியிருப்பதே இந்த ஓட்டை இருக்கிறது என்பதால்தான். அது வந்தது 2025-26 கல்வியாண்டில். உங்கள் மகனுக்கு ஒரு வருடம் பிந்திவிட்டது.

ஒழுங்கீனம் என்று நீங்கள் எழுதியிருப்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். போர்டில் நடப்பது புரியாமல் ஒரு நாளைக்கு ஏழெட்டு பீரியட் உட்கார்ந்திருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பின்னால் போய் உட்காருவான். அங்கே அவனைப் போலவே நாலு பேர் இருப்பார்கள். படிப்பில் கிடைக்காத பேர் எதிர்த்துப் பேசினால் கிடைக்கிறது. எல்லாப் பையன்களுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ‘பையன் அடங்கமாட்டேன் என்கிறான்’ என்று அழைத்து வரப்படும் பையன்களில் பெரும்பாலானவர்கள் ஏழாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிறவர்கள்.

‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாத்தையும் உரித்துவிடுங்கள்’ என்று ஆசிரியரிடம் உங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படிச் சொல்ல வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு மாணவர்களை அடிப்பதையும், மனம் நோகும்படி துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்தத் தடை சரியானது. ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கிய அரசு, அதற்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முழுநேர மனநல ஆலோசகரைக் கொடுத்திருக்க வேண்டும். அது நடக்காததால் கண்டிக்கவே பயந்து ஒதுங்கி நிற்கிற ஆசிரியர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்கள் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவன் மேல் புகார் வந்த நாளில் போகாதீர்கள், சாதாரண நாளில் போங்கள். ‘இவனை முன் பெஞ்சுக்கு மாற்றுங்கள், வாரம் ஒருமுறை நான் வந்து கேட்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள்தான். அந்தக் கூட்டத்துக்குப் போய் வகுப்பு நடக்காத விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அவனே கூப்பிடலாம்.

அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை இன்றைக்கே நிறுத்துங்கள். 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. போன் இரவு ஒன்பது மணிக்கு மேல் உங்கள் அறையில் இருக்கட்டும். உங்கள் போனும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும், அப்போதுதான் அவன் ஒத்துக்கொள்வான்.

சரி, ஹாஸ்டல் பள்ளி. அங்கே காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்கார வைப்பார்கள், உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பின்னத்தை உட்கார்ந்து சொல்லித் தர அவர்களுக்கும் நேரம் இருக்காது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அவன் அரசுப் பள்ளியில் படித்து வருகிறான். பிளஸ் டூ வரை அங்கேயே முடித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் படிக்கும்போது ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இரண்டு வருடத்துக்காக நகையை வைத்துத் தனியார் பள்ளிக்குப் போனால் இத்தனையும் கைவிட்டுப் போகும்.

எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பிளஸ் ஒன் பாடத்தை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கண்காணியுங்கள். 2017-க்கு முன்னால் பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அந்தத் தேர்வு ரத்து. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழைய வழக்கம் திரும்ப வந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுவதும் பெரும்பாலும் பிளஸ் ஒன் பாடம் தெரியாததால்தான்.

குரூப்பை இப்போது முடிவு செய்யாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை வாங்கிப் பின்னம், சதவீதம், குறை எண், எளிய சமன்பாடு இந்த நான்கையும் தினமும் ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். ‘சின்னப் பிள்ளை புத்தகம்’ என்று வெட்கப்படுவான். தம்பி தங்கை, நண்பர்கள் முன்னால் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு போடட்டும். கூடவே சமூக அறிவியலில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, தன் சொந்த வார்த்தையில் உங்களிடம் சொல்லட்டும். நீங்கள் எட்டாவதுதான் படித்தவர் என்று கவலைப்படாதீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறானா என்பதுதான் சோதனை.

அந்த நான்கும் பிடிபட்டுவிட்டால் கணக்கு உள்ள குரூப் எடுக்கலாம். பிடிபடாவிட்டால் வணிகவியல் இருக்கிறது, தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது, ஐ.டி.ஐ. இருக்கிறது. பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் அங்கேயும் முதல் வருடம் கணக்கு உண்டு, கணக்குக்குப் பயந்து அங்கே ஓட வேண்டாம். இவற்றில் எதையும் தண்டனையாக அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜனவரியில் அவனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அரையாண்டு விடைத்தாள்களோடு, அவன் போட்டுப் பார்த்த நோட்டையும் எடுத்து வாருங்கள். தப்பாகப் போட்ட கணக்குகளை அடித்துவிடவோ கிழித்துவிடவோ வேண்டாம், எனக்கு அவைதான் முதலில் வேண்டும்.