ஒல்லியாகத்தான் இருக்கிறேன், வயது 21. உடம்பை அசைக்காமல் இருந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

கேள்வி கேட்டவர் கல்லூரி இறுதியாண்டு, விடுதிவாசம். வகுப்பு, கட்டில், போன், இவ்வளவுதான் நாள் முழுக்க. ஆனால் எடை ஏறவே இல்லை என்கிறார். நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்துவலி, இடுப்புவலி என்று வருகிறவர்களில் இந்த வயதுக்காரர்கள் இப்போது நிறைய. அவர்களில் பலரும் இதையேதான் சொல்வார்கள்: "எனக்குத் தொப்பையே இல்லையே சார்!"

எடை மெஷினை நம் ஊர்க்காரர்கள் அவ்வளவாக நம்பக்கூடாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்களையே அளந்து ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவு, ஏறக்குறைய ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! யட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் உடற்பயிற்சி, ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது. இந்தக் கிண்டலை அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். பிறந்தபோது எடை குறைவாக இருந்தது போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்றும் சொன்னார்கள். எப்படியோ, சட்டைக்கு மேலே தெரியாத கொழுப்பு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு வழி விடுவது பெரும்பாலும் அதுதான்.

தசையின் பங்கு இதில் பெரிது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பகுதியை வாங்கிக்கொள்வது தசை. அது வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கும். மெஸ்ஸில் ஒரு பிடி பிடித்துவிட்டு நேராகக் கட்டிலில் சாய்ந்தால் அந்த வழி அப்படியே கிடக்கிறது, முழுப் பாரமும் இன்சுலின் தலையில். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

"இளம் வயது, தாங்கும்" என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயது ஆண்கள் 5 பேரை 3 வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். உடம்பு உச்ச வேகத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கும் மேல் குறைந்துவிட்டது. 30 வருடம் கழித்து அதே 5 பேரை மறுபடி அளந்தார்கள். 50 வயது ஆகியும், அந்த 3 வாரப் படுக்கை அளவுக்கு முதுமை அவர்களைக் கெடுத்திருக்கவில்லை. நீங்கள் அப்படிப் படுத்த படுக்கையாக இல்லை, சரி. ஆனால் இறங்கும் வேகம் வயதைப் பார்ப்பதில்லை. நல்ல செய்தியும் அதே ஆய்வில்தான்: பயிற்சி கொடுத்ததும் அந்த இளைஞர்கள் பழைய நிலையைத் தாண்டியே போனார்கள்.

எலும்பு விஷயத்தில் இந்தச் சலுகை குறைவு. வாழ்நாளுக்கான எலும்புப் பலத்தில் பெரும்பகுதி இருபதுக்குள் சேர்ந்துவிடும், மிச்சம் இருபதுகளில். குதித்தால், ஓடினால், சுமை தூக்கினால்தான் எலும்பு இறுகும். பால் குடித்தால் மட்டும் போதாது. பெண்பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. வயதுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்திவிடுகிறோம். பிளஸ் டூ வந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், அது எல்லாருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2016இல் உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதிய அளவு உடம்பை அசைக்கவில்லை. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம், 85 சதவீதம்.

மனசு? அசையாததால் சோர்வா, சோர்ந்ததால் அசையவில்லையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், இரண்டுமே நடக்கும். பகலில் உடம்பு களைக்காவிட்டால் இரவில் தூக்கம் தள்ளிப்போகும், கையில் போன் வேறு. தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல், கவனக்குறைவு, எதிலும் பிடிப்பின்மை. எழுந்து நடக்க அப்போது எப்படி மனசு வரும்? உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைப்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் எதிலும் ஆர்வம் இல்லை, உயிரோடு இருப்பதே சுமையாகத் தெரிகிறது என்றால் "போய் ஓடு" என்பது பதில் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வயதுக்கு வாரம் 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற நடையாவது வேண்டும். அதோடு தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி இரண்டு நாள். ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு மூன்றாம் வாரம் நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் அதை நான் சொல்லமாட்டேன். விடுதியில் ஷட்டில் ஆட ஆள் கிடைக்குமா பாருங்கள். கிடைக்காவிட்டால் மாடிப்படி இருக்கிறது, போன் பேசும்போது நடக்க வராந்தா இருக்கிறது. முதல் வாரம் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.