தையலும் கத்தரிக்கோலும்: இந்த மாதக் கடிதங்கள்

எனக்கு 36 வாரம். கீழே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையில், எண்ணெய் தடவி நீவினால் பிரசவத்தில் கிழியாது என்கிறார் என் நாத்தனார். செய்யலாமா? (தேனி)

செய்யலாம். ஆனால் ‘கிழியாது’ என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தலைப்பிரசவத்தில் தையல் விழும் வாய்ப்பு ஓரளவு குறையும், அவ்வளவுதான். வாரம் ஒன்றிரண்டு முறை, ஐந்து நிமிடம் போதும். நகத்தை வெட்டி, கையைக் கழுவி, கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் வைத்து, கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெல்ல அழுத்துங்கள். தேங்காய் எண்ணெயே போதும். தினம் மூன்று வேளை நீவிப் புண்ணாக்கிக்கொண்டு வராதீர்கள். பனிக்குடம் உடைந்திருந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பையில் கீழே இறங்கி இருந்தாலோ, அரிப்போடு வெள்ளைப்பட்டாலோ தொடவே வேண்டாம்.

ஸ்கேனில் குழந்தை 3.8 கிலோ. மனைவிக்கு ரொம்பக் கிழியுமா? (ஓசூர்)

எத்தனையாவது பிரசவம், எத்தனையாவது வாரம், சர்க்கரை உண்டா? மூன்றையும் விட்டுவிட்டு எடையை மட்டும் அனுப்பினால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். ஸ்கேன் எடை அரை கிலோ முன்னே பின்னே இருக்கும். நாலு கிலோவைத் தாண்டினாலோ, குழந்தையின் முகம் மேல்பக்கம் பார்த்து வந்தாலோ, ஆயுதம் (இடுக்கி, வாக்குவம்) போட்டு எடுத்தாலோ ஆழமாகக் கிழிய வாய்ப்பு கூடும். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள்.

தலைச்சன் என்றால் பிறப்புறுப்பின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஆக வேண்டும், தானாகக் கிழிந்தால் தைப்பது கஷ்டம் என்கிறார்கள். உண்மையா? (விருத்தாசலம்)

இல்லை. இதை எத்தனை தடவை எழுதுவது! நான் பயிற்சியில் இருந்த லேபர் வார்டில், கேஸ் ஷீட்டில் தலைப்பிரசவம் என்று பார்த்தாலே தட்டில் கத்தரிக்கோல் வந்துவிடும். ஏன் என்று நானும் அப்போது கேட்கவில்லை. அந்த வெட்டு தோலோடு தசையையும் சேர்த்தே அறுக்கிறது. அதாவது இரண்டாம் டிகிரி கிழிசலை நாமே உண்டாக்குகிறோம். விட்டிருந்தால் பலருக்குத் தோல் மட்டும் லேசாகக் கிழிந்திருக்கும். எல்லோருக்கும் வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. வயிற்றின் மேல் ஏறி அமுக்குவதையும்தான்.

குழந்தையின் இதயத்துடிப்பு விழுகிறது, ஆயுதம் போட வேண்டியிருக்கிறது என்றால் வெட்டலாம். அதுவும் உங்களிடம் சொல்லிவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு, நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில் 60 டிகிரி கோணத்தில் சாய்த்து. நேர் வெட்டு ஆசனவாய்வரை ஓடிவிடும்.

உண்மையில் காப்பாற்றுவது பொறுமை. முக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கீழே வைத்தால் ஆசனவாய்த் தசைவரை போகும் மூன்றாம், நான்காம் டிகிரி கிழிசல்கள் பாதியாகக் குறைகின்றன. தலை தெரிந்து தோல் இழுபட்டு வெளுக்கும் அந்த ஒரு நிமிடத்தில், ஒரு கை தலையைப் பிடித்து மெதுவாக விட, மறு கை கீழே தாங்க வேண்டும். அப்போது ‘முக்கு, முக்கு’ என்று கத்தக் கூடாது. ‘முக்காதே, வாயால் ஊது’ என்று சொல்ல வேண்டும். இதற்கு மிஷின் எதுவும் தேவையில்லை.

போன தடவை மூன்றாம் டிகிரி கிழிசல். மறுபடி சுகப்பிரசவம் முடியுமா? (மதுரை)

பெரும்பாலானவர்களுக்கு முடியும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மறுபடி அப்படிக் கிழியலாம். ஆனால் வாயுவோ மலமோ அடக்க முடியாமல் போகிறதென்றால் வெட்கப்படாமல் இப்போதே சொல்லுங்கள். சிசேரியன் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துச் செல்லுங்கள்.

ஒருக்களித்துப் படுத்துப் பிரசவம் ஆகுமா? (காரைக்குடி)

தாராளமாக. தலை மெதுவாக இறங்கவும் வசதி.

ஏழு தையல் போட்டார்கள். பத்து நாளாகிறது. எப்போது பிரிப்பார்கள்? (திருப்பூர்)

பிரிக்க மாட்டார்கள், கரையும் நூல். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்காதீர்கள். காய்ச்சல், நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. எத்தனை தையல் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள், எத்தனையாவது டிகிரி என்று எழுதவில்லை. சீட்டில் இருக்கும், பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.