டெவில்ஸ் கிரௌன்: சுறாவை விட நீரோட்டத்தைக் கவனியுங்கள்

வணக்கம். ஆகஸ்டில் ஈக்வடாரின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில், ஃபுளோரியானா தீவருகே டெவில்ஸ் கிரௌனில் ஸ்நார்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் நீந்துவது) செய்யப் போவதாகவும், மனைவிக்கு நீச்சல் சுமார்தான், சுறா பயம் வேறு என்றும் எழுதியிருந்தீர்கள். அங்குள்ள வெண்நுனிச் சுறாக்கள் பகலில் பெரும்பாலும் பாறையடியில் ஓய்வெடுப்பவை; சீண்டாதவரைப் பொருட்படுத்துவதில்லை.

அஞ்ச வேண்டியது நீரோட்டத்துக்குத்தான். கடலில் மூழ்கி அரிக்கப்பட்ட எரிமலைக் கூம்பின் விளிம்பே டெவில்ஸ் கிரௌனாக, வளையமாகத் தலைநீட்டி நிற்கிறது. வெளிப்புறத்தில் இழுப்பு பலமாக இருக்கும். எதிர்த்து நீந்தவே கூடாது. அதன் போக்கில் மிதந்து சென்று படகில் ஏறிக்கொள்ளுங்கள். மனைவி மிதவை அங்கி அணியட்டும், வழிகாட்டியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். இழுப்பு கடுமையென்றால் மனைவி படகிலிருந்தே பூபி என்னும் கடற்பறவைகளைப் பார்க்கலாம். தண்ணீர் குளிரும், வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) தேவை.

கடற்சிங்கங்கள் தாமாகவே நெருங்கி வந்து விளையாடும், அவ்வளவு அழகு! ஆனால் தொடாதீர்கள், 2 மீட்டர் விலகியிருப்பது கலாபகஸ் தேசியப் பூங்கா விதி.