ஓ'டூலின் முகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரித் தோழிகள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் பழைய ஆங்கிலப் படங்கள் பார்த்து வருகிறோம். சென்ற மாதம் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ பார்த்தோம். அன்று முதல் எங்களுக்கு, அதில் லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ'டூலைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்த நீலக் கண்களும் குரலும் நடையும் மனதை விட்டுப் போகவில்லை. என் அண்ணனோ, “நீங்கள் நடிப்பையா பார்த்தீர்கள்? முகத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள்” என்கிறார். எங்கள் ரசனை தாழ்ந்ததா? அவ்வளவு அழகாக இல்லாதிருந்தால் அவரை யாராவது நினைவு வைத்திருப்பார்களா? அவருக்கு ஏன் ஆஸ்கர் கிடைக்கவில்லை? அடுத்து எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ரசனையில் தாழ்வு எதுவும் இல்லை. பாடகரின் குரலினிமையில் மனம் கரைபவரைப் பார்த்து, சங்கீதம் தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை. திரைநடிகருக்கு முகம் அப்படிப்பட்டது. அதை விலக்கிவிட்டு நடிப்பை மட்டும் தனியே பார் என்றால் எதைப் பார்ப்பது?

ஓ'டூல் விஷயத்தில் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். அந்தப் படத்தில் அவருடைய அழகு கதைக்குள்ளேயே இருக்கிறது. முதல் உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்து போரிட்ட பிரிட்டிஷ் அதிகாரியான உண்மையான டி.இ. லாரன்ஸ் குள்ளமானவர், ஏறத்தாழ 165 சென்டிமீட்டர். ஓ'டூலோ 188 சென்டிமீட்டர் உயரம். முதலில் நடிகர் ஆல்பர்ட் ஃபின்னியை வைத்து நீண்ட ஒத்திகைப் படப்பிடிப்பு நடத்திய இயக்குநர் டேவிட் லீன், அவர் மறுத்த பிறகுதான் ஓ'டூலிடம் வந்தார். ஓ'டூல் அப்போது முதன்மையாக மேடை நடிகர். 1960இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில், அவருடைய ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷைலாக்காக நடித்துப் பெயர் வாங்கியிருந்தார். கருமையான தலைமுடியைப் பொன்னிறமாக்கிக்கொண்டுதான் லாரன்ஸ் ஆனார். வரலாற்றைப் பொறுத்தவரை படத்தின் மீது கேள்விகள் உண்டு. லாரன்ஸின் தம்பிக்கே அந்தச் சித்திரிப்பு பிடிக்கவில்லை. ஆனால் தன் தோற்றத்தின் மீது தானே காதல் கொண்டு, அதனாலேயே அழிகிற ஒருவனின் கதை என்று எடுத்துக்கொண்டால், அந்த முகம் இல்லாமல் இந்தப் படம் இல்லை.

இரண்டு காட்சிகளை மறுபடியும் போட்டுப் பாருங்கள். முதலாவது, அரபுத் தோழன் ஷெரீஃப் அலி தந்த வெள்ளை அங்கியை அவர் முதன்முறை அணியும் இடம். பாலைவனத்தில் தனியாக ஒட்டகத்திலிருந்து இறங்குகிறார். அங்கியை விரித்துப் பார்க்கிறார், யாருமில்லாத வெளியில் வணங்குகிறார், தன் நிழலை ரசிக்கிறார். பிறகு இடுப்பிலிருந்த குறுவாளை உருவி, அதன் அலகில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார். புதுச்சட்டை போட்ட சிறுவனின் வெட்கமும் பெருமிதமும் அந்தப் பார்வையில் கலந்திருக்கின்றன. குதிரையில் அமர்ந்தபடி, அரபுத் தலைவன் அவுதாவாக நடித்த ஆண்டனி குவின் தன்னைக் கவனித்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் அந்த முகம் சட்டென்று மாறுவதையும் தவறவிடாதீர்கள்.

இரண்டாவது, படத்தின் பிற்பகுதியில், துருக்கியப் படையினரை லாரன்ஸின் ஆட்கள் கொன்று குவிக்கும் தஃபாஸ் படுகொலை முடிந்த இடம். அதே குறுவாள், இப்போது ரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. மறுபடியும் அதில் தன்னைப் பார்க்கிறார். அங்கியின் வெண்மை போய்விட்டது. கண்களின் நீலம் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் இப்போது இருப்பது பீதி. நீங்களும் தோழிகளும் மயங்கிய அதே கண்கள்தான். முதல் காட்சியில் அந்த அழகுக்கு மனதைக் கொடுத்தவருக்கே இரண்டாவது காட்சி நெஞ்சில் இறங்கும். அழகில் மயங்காமல், கைகட்டி விலகி நின்று பார்ப்பவருக்கு அந்த அதிர்ச்சியில் பாதிகூடக் கிடைக்காது. உங்கள் அண்ணனிடம் நான் வாதாடுவதென்றால் இதை வைத்துத்தான் வாதாடுவேன்.

குரலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 1980களின் இறுதியில் அந்தப் படத்தைச் சீரமைத்தபோது, மீட்டெடுத்த சில பகுதிகளுக்கு ஒலி கிடைக்கவில்லை. ஓ'டூல் மறுபடியும் வந்து தன் வசனங்களைத் தானே பேசினார். இடையில் கால் நூற்றாண்டு ஓடியிருந்ததால், முதிர்ந்துவிட்ட அந்தக் குரலைக் கருவிகளின் உதவியோடு இளமையாக்கிச் சேர்த்தார்கள். நீங்கள் பார்த்தது சீரமைத்த பிரதி என்றால், ஐம்பதுகளில் இருந்த ஓர் ஓ'டூலின் குரலும் அந்த இளைஞனின் முகத்துக்குள் இருந்து உங்களோடு பேசியிருக்கிறது. எனக்கு இது பெரிய வியப்பு.

அழகு இல்லாதிருந்தால் யார் நினைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே பதில் சொல்லிவிட்டது. ‘பெக்கெட்’ (1964) படத்தில் ரிச்சர்ட் பர்ட்டனுக்கு எதிராக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியாக நடித்தார். நண்பனை இழந்த வலி கோபமாகவும் குழந்தைத்தனமாகவும் மாறி மாறி வெடிக்கும். நான்கே ஆண்டுகளில் ‘தி லயன் இன் விண்டர்’ படத்தில் அதே மன்னர், ஆனால் ஐம்பது வயதில். ஓ'டூல் அப்போது முப்பதுகளின் நடுவில்தான் இருந்தார். மனைவியாக நடித்த கேத்தரின் ஹெப்பர்ன் அவரைவிட 25 வயது மூத்தவர். அந்த இடைவெளி படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரியவில்லை. தாடியும் கரகரப்பும் அந்தத் தளர்ந்த தோளுமாக, தன் அழகைத் தானே மூடி வைத்துவிட்டு நடித்திருப்பார்.

1970களின் நடுவில் கடுமையான வயிற்று நோயும் அறுவை சிகிச்சையும் அவரை உருக்குலைத்தன. ‘தி ஸ்டண்ட் மேன்’ படத்தில் கிரேன் இருக்கையில் வானத்திலிருந்து இறங்கிவரும் இயக்குநராக வரும்போது கன்னம் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் திரையில் அவர் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தோன்றாது.

ஆஸ்கர் விஷயத்தில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. நடிப்புக்காக எட்டு முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூட வெல்லவில்லை. 2003இல் கௌரவ விருது தர முன்வந்தபோது, தான் இன்னும் களத்தில் இருப்பதாகவும் போட்டியிலேயே வென்றுவிட வாய்ப்பிருப்பதாகவும் சொல்லி, எண்பது வயது வரை தள்ளிவைக்கும்படி அகாடமிக்கு எழுதினார். பிறகு மனம் மாறி மெரில் ஸ்ட்ரீப் கையால் வாங்கிக்கொண்டார். எட்டில் ஏழு பரிந்துரைகள் அதற்கு முன்பு வந்தவை. எட்டாவது, கௌரவ விருதுக்குப் பிறகு ‘வீனஸ்’ (2006) படத்துக்குக் கிடைத்தது. களத்தில் இருப்பதாக அவர் எழுதியது உண்மையாகவே ஆயிற்று.

நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியதும் ‘வீனஸ்’தான். எழுபதுகளில் இருக்கும் ஒரு நடிகராக, சுருக்கம் விழுந்த முகத்தை எதனாலும் மறைக்காமல் காமிராவுக்கு நெருக்கத்தில் கொடுத்திருக்கிறார். நடிகர்களின் நினைவுப் பலகைகள் பதித்த லண்டன் தேவாலயத்தில் வயதான நண்பரோடு அவர் நடனமாடும் காட்சி வரும்போது நிறுத்தாமல் பாருங்கள். அதற்குப் பிறகு ‘ரட்டட்டூயி’ (2007). அனிமேஷன் படம். அதில் ஆன்டன் ஈகோ என்ற கடுமையான உணவு விமர்சகருக்கு ஓ'டூல் குரல் மட்டும் கொடுத்திருக்கிறார். இறுதியில் ஈகோ எழுதும் நீண்ட விமர்சனத்தை அவர் வாசிப்பதைக் கேளுங்கள். அதன் பிறகு ‘பெக்கெட்’டுக்கும் ‘தி லயன் இன் விண்டர்’ படத்துக்கும் போகலாம். அந்த இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்ப்பது நல்லது.